மூன்றாம் தடவை

நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. புசல்லாவையில் கண்டி பஸ் அரை மணி தாமதம். உயிரியல் முதல் பேப்பர் பரவாயில்லை. இரண்டாவதில் இரண்டு கேள்வி தொடவே இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதுவது இது மூன்றாம் தடவை. இதற்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

வாங்க: நீலப் பேனை 2, தலையிடி மாத்திரை, குடைக்குக் கம்பி.

தங்கை யமுனாவுக்கு இது முதல் தடவை. இங்கே பள்ளிக்கூடத்திலேயே எழுதுகிறாள்; வெளியிலிருந்து எழுதும் எனக்குத்தான் கண்டி. இரசாயனவியல் கணக்கு ஒன்று கேட்டாள். புத்தகம் பார்க்காமல் செய்து காட்டினேன். "ஒனக்கு எல்லாம் தெரியுதேக்கா, பொறவு ஏன்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

முதல் தடவை இரண்டு பி, ஒரு சி. மட்டக்களப்புப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்கு இடம் வந்தது. இன்னொரு தடவை எழுதினால் டாக்டர் என்றார்கள் எல்லோரும். நானும்தான். பதியவில்லை. அடுத்த தடவை எல்லாமே இறங்கியது. கூட எழுதிய சுமதி அங்கே இப்போது இரண்டாம் வருடம்.

நவம்பர் 17, திங்கள்

இரசாயனவியல். இருபதாவது கேள்விக்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். விடைகளை ஒரு வரிசை தள்ளிப் போட்டிருக்கிறேன்; கண்டபோது நேரம் முடிந்துவிட்டது.

இடைவேளையில் வெளியே வந்தவள் இரண்டாவது பேப்பருக்குத் திரும்பிப் போகவில்லை. கண்டி வாவிக்கரை பெஞ்சில் நனைந்துகொண்டு. வழக்கமான பஸ்ஸிலேயே வீடு.

ரெண்டாவது பேப்பர் லேசுதானே என்று யமுனா கேட்டாள். ஆமா என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, காலில் ஏறிய அட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். திட்டவில்லை.

"நான்தானே இன்னொருக்கா எழுதுன்னு சொன்னேன்."

திட்டியிருக்கலாம்.

யமுனாவுக்குப் பௌதிகவியல் முடியும்வரை மூச்சு விடாதே என்றார். வெள்ளிக்கிழமை பௌதிகவியலுக்கு நானும் எதுவும் நடக்காததுபோல் அவளோடு கிளம்ப வேண்டுமாம்.

நவம்பர் 21, வெள்ளி

மழை விட்டது. நல்ல குளிர். வெள்ளை உடுப்பு, அனுமதி அட்டை, எல்லாம் எடுத்துக்கொண்டேன். இரசாயனவியல் போனபின் பௌதிகவியல் எழுதி என்ன?

பஸ் வரும்வரை யமுனா கூட நின்றாள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"எது கெடச்சாலும் நான் போயிருவேன்க்கா. திரும்பி எழுத மாட்டேன். ஒன்ன பாத்துட்டு என்னால முடியாது."

கண்டி பஸ் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறினேன்.