மூணாம் நம்பர் இடம்

12 ஜூன் 2005, ஆரணி

வரைபடம் முடிந்தது. காலையில் அம்மாவுக்குக் காட்டினேன்.

நாலு வருஷமாகச் சென்னை அலுவலகத்தில் பெரிய பெரிய அடுக்குமாடிகளுக்குக் கார் நிறுத்தும் தளம் மட்டும்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். மேலே குடியிருக்கும் வீடுகளை மற்றவர்கள் வரைவார்கள். சரிவுப் பாதையும் தூணும் மஞ்சள் கோடும் என் பங்கு. முழுக் கட்டடம், என் கையெழுத்தில், இதுதான் முதல். எங்கள் வீட்டையும் பக்கத்து வீடுகளையும் இடித்துவிட்டுப் பட்டுக்கடை இராஜமாணிக்கம் முதலாளி கட்டப்போகும் நாலு மாடி. பன்னிரண்டு குடித்தனம். எங்கள் மனைக்கு ஈடாக இரண்டாம் மாடியில் ஒரு வீடு. சென்னையில் இதையெல்லாம் உயரம் என்றே சொல்ல மாட்டார்கள். எங்கள் தெருவில் இப்போதே ‘டவர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மா தறியிலிருந்து எழுந்திருக்காமலே பார்த்தாள். தரைத்தளத்தின் மேல் விரல் வைத்தாள்.

“இங்க யாரு குடி இருப்பாங்க?”

“யாரும் இல்லம்மா. தூண் மட்டும்தான். காரு நிக்கும்.”

“யாரு காரு?”

தெருவில் இருப்பதே ஒரு கார். அது முதலாளியுடையது, நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். நான் வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இடம் போட்டிருக்கிறேன். எங்களுக்கு மூணாம் நம்பர்.

“பத்து வருஷத்துல எல்லாரும் வாங்கிடுவாங்கம்மா.”

“அப்ப பத்து வருஷம் கழிச்சிக் கட்டேன்.”

மேலே அவளுக்கென்று தறி அறை ஒன்று போட்டிருப்பதைக் காட்டினேன். கிழக்கே பெரிய ஜன்னல். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்று அர்த்தமா, பிடிக்கவில்லை என்று அர்த்தமா? இந்தக் கிருஷ்ணம்மாள் வயிற்றில் பிறந்து இத்தனை வருஷம் ஆகியும் அவள் பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை.

14 ஜூன் 2005, சென்னை

பஸ் ஒரே இடத்தில் நின்றது நின்றபடி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கார்கள். ரோட்டோரக் கடைகளுக்கெல்லாம் அடியில் கார் நிறுத்தத் தளம் இருக்கிறது, அதில் இரண்டு நான் வரைந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சரக்கு மூட்டை. காருக்கு விட்ட இடத்தைத் திருடிக்கொண்டு காரை ரோட்டில் தள்ளிவிடுகிறார்கள். வயிறு எரிகிறது. என் கட்டடத்தில் இது நடக்காது.

27 ஆகஸ்ட் 2006, ஆரணி

கிரகப்பிரவேசம். தெருவே மாடிப்படி ஏறி இறங்கியது. முதலாளி என்னை எல்லாருக்கும் காட்டி, “நம்ம தெருப் பொண்ணு போட்ட பிளான்” என்றார். தம்பி சதீஷ் அவர் கடையில்தான் வேலை செய்கிறான்; அவனுக்கு என்னைவிடப் பெருமை.

தரையில் குழி தோண்டி, அதில் காலைப் போட்டு நெய்கிற தறி எங்களுடையது. மேலே குழி தோண்ட முடியாது என்பதால் தறி அறையில் மரமேடை போட்டு, அதன்மேல் உட்கார்ந்தால் மிதிகட்டை காலுக்கு எட்டும்படி தறியைப் பூட்டியிருக்கிறோம். அம்மா ஏறி உட்கார்ந்து, குறுக்கிழை ஓட்டும் நாடாவை ஒரு தடவை விட்டுப் பார்த்தாள். “பரணை மேல ஒக்காந்த மாதிரி கீது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கலாமா என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

10 செப்டம்பர் 2006, ஆரணி

எங்களுக்கு நேர் கீழே முதல் மாடியில் டேவிட்ராஜ் சார் குடும்பம். பக்கத்து ஊர் சேத்துப்பட்டில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவி நான்சி போன ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு மேலே வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கொழந்த அசந்தா போதும், மேல டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சிடுது. தூங்கவே மாட்டேங்குது.”

தறியின் கனத்தைத் தளம் தாங்குமா என்று எத்தனை கணக்குப் போட்டேன்! சத்தத்தை நினைக்கவே இல்லை. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்ததால் அது ஒரு சத்தம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. மேடைக்கு அடியில் ரப்பர், பழைய மெத்தை எல்லாம் வைத்தோம். மெத்தை வைத்தால் தறி ஆடுகிறது. தறி ஆடினால் ஜரிகை அறுகிறது. அம்மா குழந்தை தூங்கும் நேரத்தில் நெய்வதை நிறுத்திவிட்டாள். அந்தக் குழந்தையோ எப்போது பார்த்தாலும் தூங்குகிறது.

15 அக்டோபர் 2006, ஆரணி

சதீஷ் போன் செய்ததும் ஓடி வந்தேன். அம்மா மூணாம் நம்பரில் குழி தோண்டிவிட்டாள்!

நான் வந்து இறங்கும்போது தறி பூட்டி, இடுப்பளவு குழிக்குள் காலைப் போட்டு, நெய்துகொண்டிருக்கிறாள். முதலில் தூணைத்தான் பார்த்தேன். அஸ்திவாரத்துக்கும் குழிக்கும் நல்ல இடைவெளி, பயமில்லை. அடுத்துப் பார்த்தது — எப்படிச் சொல்வது — தறி அந்த மஞ்சள் கோட்டுக்குள் சரியாக அடங்கியிருந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஐந்து வருஷமாக நான் காருக்கென்று போட்ட அளவெல்லாம் இதுதானா?

“இது காருக்கு விட்ட எடம்மா.”

“காரு வந்தா எழுந்துக்கறேன்.”

கத்தத்தான் வந்தேன். இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். சென்னையில் சரக்கு மூட்டையைப் பார்த்து எரிந்த வயிறு இங்கே ஏன் எரியவில்லை?

18 பிப்ரவரி 2007, ஆரணி

இப்போது கீழே ஐந்து தறி. எங்கள் தெருவில் நெய்கிற உண்ணாமலை அக்கா தறி ஒன்பதாம் நம்பரில். அது டேவிட்ராஜ் சாருடைய இடம். “எங்கிட்ட காரா இருக்குது? போட்டுக்கோங்க” என்று அவரே சொல்லிவிட்டாராம். சத்தம் மேலே போவதில்லை. நிழல், காற்று, பேச்சுத் துணை. நான் மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, சென்னையில் வரப்போகும் ஒரு பதினாறு மாடிக்கு நிலத்தடிக் கார் தளம் வரைந்தேன். இவ்வளவு நிம்மதியாக எந்த மேஜையிலும் வரைந்ததில்லை. இது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கட்டடத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். எனக்கே என்னைப் புரியவில்லை.

11 நவம்பர் 2007, ஆரணி

டேவிட்ராஜ் சார் கார் வாங்கிவிட்டார். வெள்ளை மாருதி. உண்ணாமலை அக்கா அன்றே ஒன்பதாம் நம்பரைக் காலி செய்துவிட்டாள். ஆனால் கார் உள்ளே போகவில்லை.

ஏன் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும். எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பட்டிழையை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறும் முன் சுருட்டிவிடுவார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பாவை எங்கள் தூண்களுக்கு நடுவே, கார் போகிற வழியில், நீட்ட ஆரம்பித்தார்கள். நனையாத நீளமான இடம் ஊரிலேயே வேறு இல்லை. அதனால், காலையில் வெளியே எடுக்க முடியாதென்று டேவிட்ராஜ் சார் காரைத் தெருவில் நிறுத்தினார். மழை விட்ட பிறகும் கார் தெருவிலேயே நிற்பதால் அங்கே பாவு நீட்ட முடியவில்லை. அதனால் பாவு உள்ளேயே. பாவு உள்ளே இருப்பதால் கார் வெளியே. கார் வெளியே நிற்பதால் பாவு உள்ளே.

இந்தத் தெருவில் பாவுக்கு அடியில் குனிந்து ஓடித்தான் பள்ளிக்கூடம் போனேன். வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்தபோது ஒரு தடவையாவது அது ஞாபகம் வந்ததா? கார் எப்படி உள்ளே திரும்பும் என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

16 டிசம்பர் 2007, ஆரணி

காரில் யாரோ நீளமாகக் கீறல் போட்டுவிட்டார்கள். டேவிட்ராஜ் சார் சத்தம் போடும் ஆள் இல்லை. மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

“நான் தறிக்கு எதிரி இல்லீங்க. எங்க அம்மா அந்தோணியம்மாளும் தறியில ஒக்காந்துதான் என்னைப் படிக்க வெச்சாங்க. ஆனா இந்த எடத்துக்கும் சேத்துதானே வீடு வாங்கினேன்? நான் இன்னா தப்பா கேக்கறேன், நீங்களே சொல்லுங்க.”

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் பேஜாராக இருக்கிறது. நகராட்சியில் சொல்லியிருக்கிறாராம், அடுத்த மாதம் பார்க்க வருவார்களாம்.

6 ஜனவரி 2008, சென்னை

முதலாளி போன் செய்தார். “நகராட்சி ஆளு கிட்ட, தறி தற்காலிகமா போட்டிருக்குதுன்னு சொல்லிடும்மா, ஆறு மாசம் ஓட்டிடலாம்.” சதீஷும் அதையே சொல்கிறான். என்ன சொல்லட்டும் என்று அம்மாவிடம் கேட்டதற்கு, “பிளான் போட்டது நானா?” என்றாள்.

தறி என்று சொன்னால் ஒரு மனிதருக்கு அவர் இடம் போகும். கார் என்று சொன்னால் அம்மாவுக்கு நெய்ய இடமே இல்லை. நடுவில் ஏதாவது இருக்குமென்று காகிதம் காகிதமாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு தூண் வந்து குறுக்கே நிற்கிறது. நான் வைத்த தூண்.

9 ஜனவரி 2008, ஆரணி

சொல்லிவிட்டேன்.

நகராட்சியிலிருந்து வந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். நின்று நாலு தறியையும் பார்த்தார். “பிளான் நீங்க போட்டதாமே. இது எதுக்கு விட்ட எடம்?” என்று கேட்டார். அம்மா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, குழிக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். முதலாளி கனைத்தார். எனக்கு ஏனோ சென்னை ரோடும், நின்ற பஸ்ஸும், அந்த மூட்டைகளும் ஞாபகம் வந்தன. “கார் நிறுத்தற இடம் சார்” என்றேன்.

ஏன் சொன்னேன்? நிஜம் என்பதால் சொன்னேனா? கையெழுத்துக்குப் பயந்து சொன்னேனா? டேவிட்ராஜ் சார் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா? நகராட்சிக்காரர் ஒரு மாதத்துக்குள் தறிகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா விட்ட இடத்திலிருந்து நெய்ய ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டேம்மா, வாய் வுட்டுத் திட்டேன்!

மாலைப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

15 ஜனவரி 2008, சென்னை

பொங்கல். லீவு இல்லை என்று பொய் சொன்னேன்.

23 மார்ச் 2008, சென்னை

சதீஷ் போனில். தறி எதுவும் இப்போது கீழே இல்லையாம். அம்மாவும் உண்ணாமலை அக்காவும் பக்கத்துத் தெருவில் ஒரு ஓட்டுக் கொட்டகை பிடித்து நெய்கிறார்களாம். பாவு பழையபடி தெருவுக்கு வந்துவிட்டது. டேவிட்ராஜ் சார் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மூங்கில் கழியால் பாவை உயரத் தூக்கிப் பிடிக்கிறார்கள், கார் அடியில் புகுந்து போகிறது. “அவரு தலைய வெளிய நீட்டிகினு ஓட்டறாரு, பாக்க தமாஷா கீதுக்கா” என்று சிரித்தான். நான் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். “நல்லாத்தான் இருக்குது. ஒன்னப் பத்திப் பேசல” என்றான்.

பேசவில்லை என்றால்?

17 ஆகஸ்ட் 2008, சென்னை

போக வேண்டும். போகவில்லை.

26 அக்டோபர் 2008, ஆரணி

நாளை தீபாவளி. காரில் வந்தேன். அலுவலகத்தில் ஒருவர் விற்ற பழைய மாருதி. வழியெல்லாம், இதில் போய் இறங்குவது அம்மாவைக் குத்திக் காட்டுவதுபோல ஆகுமோ என்று ஒரே குழப்பம். எங்காவது நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

அம்மா வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். சதீஷ் சொல்லியிருப்பான்.

“தெருவுலயே நிறுத்திடறேம்மா.”

“இன்னாத்துக்கு? மூணாம் நம்பர் சும்மாத்தானே கீது.”

மூடின குழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மண்ணைக் கொட்டி மேலே சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மழையில் உள்ளே இறங்கிவிடும், சக்கரம் ஏறினால் பிளந்துகொள்ளும்.

“மூடினது யாரும்மா, முதலாளி ஆளுங்களா?”

“நானு. கொத்தனாரைப் பக்கத்துலயே நின்னு வேலை வாங்கினேன். கொஞ்சம் கொஞ்சமா மண்ணு போட்டு, தண்ணி வுட்டு, திமிசுக் கட்டையால இடிச்சி இடிச்சித்தான் மேல வந்துது. நீ என்னிக்கின்னாலும் காருல வருவேன்னு தெரியும். ஏத்து, எறங்காது.”

“எப்ப மூடின?”

“நீ அந்த ஆளு கிட்ட சொன்னியே, அதுக்கு மறுநாளு.”

மறுநாள். ஒரு மாதம் தவணை இருந்தது. நான் சென்னையில் உட்கார்ந்து லீவு இல்லை என்று பொய் சொன்ன பொங்கலுக்கு முன்னாலேயே.

“எம் மேல கோவம் இல்லியாம்மா?”

“இருக்குது. அது வேற.”

வண்டியை உள்ளே விட்டேன். மஞ்சள் கோட்டுக்குள் அடங்கி நின்றது. ஒன்பதாம் நம்பரில் டேவிட்ராஜ் சாருடைய கார். மற்றதெல்லாம் வெறும் தூண். அம்மா முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, “தறி அளவுதான் கீது” என்றாள்.

சாப்பிட்டதும் கொட்டகைக்குக் கிளம்பினாள். பண்டிகைக்குள் ஒரு சேலையை முடித்துத் தறியிலிருந்து இறக்கிவிட வேண்டுமாம். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். “அந்தத் தெருவுல திருப்ப எடம் ஏது?” என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

அவள் தலை மறைந்ததும் கீழே வந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குதிகாலால் இரண்டு தடவை ஓங்கி மிதித்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.