பென்சில் பெட்டிக்குள் ஐந்து குளிசைகள்

செவ்வாய்க்கிழமை, இரவு

அப்பாவுக்கு இருதயம் பலவீனம். கால் வீக்கத்துக்கு, நீர் போகத் தந்த குளிசையால்தான் உடம்பெல்லாம் அரிப்பெடுத்துச் சொறிகிறார் என்று நினைத்து, ஐந்து நாளாக அதை நானே நிறுத்திவைத்தேன். இன்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

டொக்டர் விரலிடுக்கைப் பார்த்தார். "இது சொறிப்பூச்சி. தோலுக்குள்ளை போயிருக்கு, அதுதான் கடிக்குது. குளிசை ஒழுங்காய்க் குடுத்தனீங்களோ, பிள்ளை?"

அப்பா முந்திக்கொண்டார். "என்ரை பிள்ளை ஒரு நேரமும் தவறவிடாள், ஐயா."

"அப்ப உங்களுக்கு அந்த அளவு காணாது." டொக்டர் மருந்தைக் கூட்டி எழுதினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐந்து குளிசையும் என் பழைய பென்சில் பெட்டிக்குள் கிடக்கின்றன. விடிந்ததும் முதல் பஸ்ஸில் கொண்டுபோய் டொக்டரிடம் காட்ட வேண்டும். அவரிடம் எப்படியாவது சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்திலேயே கட்டிலில் அப்பா கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்.