ஊசி என்று கத்த வேண்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பாப்பாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மாவின் முட்டி வலி அப்படியே இருக்கிறது. சமையலறைக் குழாய் அப்படியே சொட்டுகிறது. நானும் அப்படியேதான்.

நான் இப்போது தையல் மெஷினில் இல்லை. நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். கண் வலிக்கிறது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். உனக்கும் அதையே சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால், கையைத் தூக்கி "ஊசி" என்று கத்த வேண்டும். உடனே வரிசை முழுக்க மெஷினை நிறுத்துவார்கள். உடைந்த துண்டு கிடைத்த பிறகுதான் புது ஊசி. தைப்பது குழந்தைகள் சட்டை. விதியைக் குறை சொல்ல முடியாது.

என் ஊசி உடைந்தது. கையைத் தூக்கினேன், யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தேன். "ஊ" வந்தது, அதற்கு மேல் வரவில்லை. என் தொண்டை எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியுமே. பின்னால் இருந்தவள், ரயில் கிளம்பிடுச்சு, எல்லாரும் ஏறுங்கடி என்றாள். வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் கூட்ஸ் வண்டி. அந்தச் சிரிப்பிலேயே அடுத்த மெஷின்காரி வழக்கம்போல என் மேஜையிலிருந்து சட்டையை இழுத்துக்கொண்டாள். அதில் சிக்கியிருந்த ஊசித் துண்டு அவள் நகத்துக்கு அடியில் ஏறிவிட்டது. அவள் திட்டவில்லை. ஏண்டி, என் முதுகுல ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாள்.

சூப்பர்வைசர் நல்லவர்தான். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் முன்னால் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் காட்ட வேண்டும். நீ சொன்ன மாதிரி கண்ணாடி முன்னால் பழகினேன். வீட்டில் அழகாக வருகிறது அக்கா. கண்ணாடிக்குக் கேட்டு என்ன பயன்? அவர் முன்னால் ஒரு நாளும் வரவில்லை. கடைசி நாள் அவரே தலையைக் குனிந்துகொண்டு, போம்மா, அந்த மேஜைக்குப் போயிடு என்றார். ஒரு மணி கொடுத்தால் அடிப்பேனே என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கவும் வாய் வேண்டுமே.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். "உள்ளேன்" என்று நான் சொல்வதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் ஆப்சென்ட்.

உன்னை நீயே ஏற்றுக்கொள் என்று போன தடவை சொன்னாய். இது என்னை விட்டுப் போகாது என்பதை ஏற்றுக்கொண்டேன். நீ சொன்னது அது இல்லை என்று தெரியும். என்னால் முடிந்தது அவ்வளவுதான். கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறாள் அம்மா. அவளுக்கு நான் தலையாட்டிவிட்டேன்.

பாப்பா பேச ஆரம்பித்துவிட்டாளா? அவளை அவசரப்படுத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வாய். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் பாசத்தில் நீயே அதை முடித்துவிடுகிறாய். பாதி நேரம் நான் சொல்ல வந்தது அது இல்லை. ஆமாம் என்று விட்டுவிடுவேன். இந்தத் தடவை முடிக்காதே. அக்கா என்று கூப்பிடவே எனக்கு நேரமாகும். வைத்துவிடாமல் இரு.

இப்படிக்கு,
உன் தங்கை