வெள்ளை கட்டினால்

மாமா,

குப்பம் பக்கத்துப் புத்த தியான முகாமுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், கூப்பிடாதீர்கள். ஃபிரிட்ஜில் குழம்பு இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

தளர்வான வெள்ளைத் துணி வேண்டும், சத்தம் போடும் நகை கூடாது என்று முகாமில் சொன்னார்கள். அதற்குத்தான் வளையலைக் கழற்றிவிட்டு வெள்ளைப் புடவையை மடித்தேன். "நான் உசுரோட இருக்க சொல்லவே தாலியறுத்தவ மாதிரி கட்டிக்கினு போறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினீர்கள்.

புடவை பீரோவிலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக நம் யஸ்வந்தின் வெள்ளைச் சட்டையும் பைஜாமாவும் எடுத்துப் போகிறேன். காரியத்தன்று பிள்ளையின் துணியையெல்லாம் நீங்கள் ஆற்றில் விட்டீர்கள். இந்த ஒரு ஜோடியை நான் அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டேன். எனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கிறது.

வளையல் சாமி படத்தடியில் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

ஹேமா

மோர் புளித்துவிடும், இன்றைக்கே குடித்துவிடுங்கள்.

இன்னொன்று. புருஷன் செத்தால் கட்ட ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை செத்தால் பெற்றவள் எதைக் கட்ட வேண்டும் என்று யாரையாவது கேட்டு வையுங்கள். வந்ததும் அதையே கட்டிக்கொள்கிறேன்.