கொஞ்சம் தேவலை

சையாஜிராவ் ரோடு, மைசூர்
18-10-1937

சௌபாக்கியவதி வைதேஹிக்கு, கேசவமூர்த்தியின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மேல்கோட்டை வைரமுடி உற்சவத்துக்கென்று பங்குனியில் பிறந்தகம் போனாய். பத்து நாளில் வருகிறேன் என்றாய். தசராவே முடிந்துவிட்டது. ஊரெல்லாம் விளக்கு. நான் வாசலில் தனியாக நின்று யானைகள் போவதைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து ஓட்டல்காரன் கொடுத்தனுப்பிய ஆறிப்போன சாற்றமுதைச் சாப்பிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவரிடம் புது பல் செட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பழையது ஈறை அறுக்கிறது என்றாயே. உன் வாயின் பிளாஸ்டர் அச்சு என்னிடம் இருக்கிறது. அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு எட்டு நாள் ராவினேன். சில சமயம் அதனிடம் பேசிவிடுகிறேன். சிரிக்காதே.

ஒரு நல்ல சேதி. கல்கத்தாப் பத்திரிகையில் என் கட்டுரை வந்துவிட்டது. பல் வேரில் ஒளிந்திருக்கும் சீழ்தான் ரத்தத்தில் கலந்து மூட்டுகளைக் கெடுக்கிறது, பற்களை எடுத்துவிட்டால் மூட்டு வலி தீரும் என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். அதை இந்தச் சமஸ்தானத்தில் முதலில் செய்து காட்டியவன் நான். 'முப்பத்துநான்கு வயது ஸ்திரீ, இருபத்தெட்டுப் பற்களும் எடுத்தபின் முழங்கால் வலி நீங்கியது' என்று அச்சாகியிருக்கிறது. அந்த ஸ்திரீ யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கப்புறம் பதினொரு பேருக்கு எடுத்தாயிற்று. அடுத்த வாரம் கொள்ளேகாலிலிருந்து சென்னம்மா என்று ஒரு பட்டு நெசவுக்காரர் மனைவி வருகிறாள். மணிக்கட்டு வீங்கி, நூல் பிடிக்க முடியவில்லையாம். அவள் படம் ஒன்றும் எடுத்து அடுத்த கட்டுரையில் போட எண்ணம்.

செட்டு பொருந்துகிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

கேசவமூர்த்தி

*

மேல்கோட்டை
2-11-1937

உங்கள் திருவடிகளில் வைதேஹியின் சேவிப்பு. இங்கே எல்லோரும் சுகம். மெல்ல முடிந்தவர்கள் கொஞ்சம் கூடுதல் சுகம்.

செட்டு வந்தது. முன்னதைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் மடியாக இருக்கும்போது போட்டுக்கொள்ள முடிகிறதில்லை. கழற்றிக் கழுவிய கையோடு தளிகைப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று மன்னி சொல்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அதனால் பெருமாளுக்குத் தளிகை ஆகும்வரை பொக்கை வாய். அண்ணா குழந்தைகள் என்னைப் போலவே உதட்டை மடக்கிக்கொண்டு பேசி விளையாடுகிறார்கள். நானும் சிரித்துவிடுகிறேன், வேறென்ன செய்ய.

மார்கழியில் பெண்டுகள் கூடிப் பாசுரம் சேவிப்பதற்குப் பல் இருந்தவரை, இங்கே வரும்போதெல்லாம் நான்தான் முன்வரிசை. இந்த வருஷம் பின்னால் உட்காருகிறேன் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். எனக்கு 'த' வருகிற இடமெல்லாம் காற்றுதான் வருகிறது.

ஒரு கேள்வி. நீங்கள் எடுத்த இருபத்தெட்டில் எத்தனை கெட்டுப்போனவை? இதை மட்டும் எழுதுங்கள். அதுவரைக்கும் அந்தக் கொள்ளேகால் பெண்ணின் பல்லைத் தொடாதீர்கள்.

வைதேஹி

*

மைசூர்
20-11-1937

வைதேஹிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே சென்னம்மாவுக்குப் பாதி எடுத்தாகிவிட்டது. நேற்று மீதியும். ஊசி மருந்து இப்போது வெகு உயர்ந்ததாக வருகிறது. துளி வலி தெரியவில்லை என்று அவளே ஜாடை காட்டினாள்.

எத்தனை கெட்டவை என்று கேட்கிறாய். வைத்தியம் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி இது. வெளியே வெள்ளையாகத் தெரிகிற பல்லுக்குள்தான் விஷம் இருக்கும். இங்கே பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க வசதி கிடையாது. சந்தேகம் இருந்தால் எடுத்துவிடு என்றுதான் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் சந்தேகப்பட்டேன், எடுத்தேன், உனக்குக் குறைந்தது. முதல் தடவை எடுத்த மறுநாள் காலையில் நீயே சொன்னாய். அதை என் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

இதற்கா கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? நமக்கோ குழந்தை குட்டி இல்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர் போய்விட்டால் பாதி வீடு போய்விடுகிறது. சங்கராந்திக்குள் வந்துவிடு.

கேசவமூர்த்தி

*

(தபால் கார்டு)
மேல்கோட்டை
1-12-1937

சேவிப்பு. கார்டில் எழுதுகிறேன், தபால்காரரும் படிக்கட்டும். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் இல்லாமல் வேறு கடிதம் போட வேண்டாம்.

வைதேஹி

*

மைசூர்
12-2-1939

வைதேஹிக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். இப்போது அது இல்லை.

போன மாதம் அமெரிக்கப் பத்திரிகை வந்தது. எந்த வைத்தியர்களை நம்பினேனோ அவர்களில் சிலரே இப்போது திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மூட்டு வலிக்காரர்களுக்குப் பல் எடுத்ததால் குணம் ஒன்றும் தெரியவில்லையாம். இரண்டு பக்கம். அதை மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாலாம் நாள் சென்னம்மாவை அவள் புருஷன் லிங்கப்பன் கூட்டிக்கொண்டு வந்தான். மணிக்கட்டு அப்படியே இருக்கிறது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றாள். அவன் என்னைத் திட்டவில்லை. "பல்லும் போச்சுங்க, நோவும் போவலைங்க. இனி என்னங்க பண்றது?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்குத்தான் உன் பற்களை அலமாரியிலிருந்து வெளியே எடுத்தேன். ஸ்பிரிட்டில் போட்டுச் சீசாவில் வைத்திருந்தேன், உனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் வேர்வரை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கடைவாய்ப் பல் ஒன்றில் சின்ன சொத்தை. வெள்ளி அடைத்திருந்தால் அரைமணி வேலை. மற்றவற்றில் ஒன்றுமே இல்லை. இவ்வளவு நல்ல பற்களை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை. உன் கேள்விக்குப் பதில் ஒன்று. இருபத்தெட்டில் ஒன்று.

என் கட்டுரை தப்பு என்று அதே பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். தொழில் போனாலும் போகட்டும். சென்னம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் செட்டு நானே செய்து தருகிறேன். நீ வந்துவிடு வைதேஹி. மன்னிக்கச் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் போதும். எனக்கு யாருமில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது?

கேசவமூர்த்தி

*

மேல்கோட்டை
3-3-1939

உங்கள் திருவடிகளில் வைதேஹியின் சேவிப்பு.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழுதேன். நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் என்பதற்காக அல்ல. ஒன்று என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக. ஏழெட்டாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்களைக் குற்றம் சொல்லவா அதைக் கேட்டேன்? ஏழெட்டு இருந்தால் நான் சொன்ன பொய் கொஞ்சம் சின்னதாகும் என்றுதான் கேட்டேன்.

முதல் தடவை எடுத்த மறுநாள் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "கொஞ்சம் தேவலை" என்றேன். துளிக்கூடக் குறையவில்லை.

கல்கத்தாவில் படித்துவிட்டு நீங்கள் வந்ததிலிருந்து என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது. சாதம் போட்டால் புஸ்தகத்தைப் பார்ப்பீர்கள். பேசினால் ஜன்னலைப் பார்ப்பீர்கள். அன்று விளக்கைத் திருப்பி, தாடையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே பயப்படாதே என்றீர்கள். தேவலை என்று நான் சொன்னதும் உங்கள் முகம் மலர்ந்தது பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை. அதற்காக அடுத்த தடவையும் தேவலை என்றேன். அதற்கடுத்த தடவையும். பல்லெல்லாம் அப்படித்தான் போயிற்று. நீங்கள் பாட்டுக்கு அதைக் கட்டுரையாக எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்.

அப்புறம் நம் வாசல் பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் உள்ளே வந்து, "அம்மா, உங்களுக்கு நிஜமாவே கொறைஞ்சுதா?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். எட்டு பேரிடம் ஆமாம் என்றேன். ஒன்பதாவது ஒரு சின்னப் பெண். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வைரமுடியைச் சாக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவளுக்கு நீங்கள் எடுத்திருப்பீர்கள். பதினொன்றில் அவளும் ஒருத்தி.

பத்திரிகைக்கு எழுதும்போது முப்பத்துநான்கு வயது ஸ்திரீ என்று போடாதீர்கள். என் பெயரைப் போட்டு, அவள் பொய் சொன்னாள் என்றும் எழுதுங்கள். அது உங்கள் தப்பைக் குறைக்காது. ஆனால் படிக்கிற டாக்டர்கள் தங்கள் வீட்டில் யாராவது தேவலை என்று சொன்னால் இன்னொரு தரம் கேட்பார்கள்.

நான் வரவில்லை. உங்கள் மேல் கோபமில்லை. வந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். பார்த்தால் எது கேட்டாலும் தேவலை என்றுதான் சொல்வேன். என் சுபாவம் எனக்குத் தெரியும். இங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய் சொல்ல வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஓட்டல்காரனைச் சூடாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வலிக்கிறது.

வைதேஹி