மலர் வைத்த பெயர்

ஆடி, இரண்டாம் வெள்ளி

நாத்தனார் சுமதி நேபாளத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்துகிறாள். சைகை மொழியை அவள் முதலில் கற்றது, பிறவியிலேயே காது கேளாத என் மகள் மலரிடம்தான். இன்று வீடியோ காலில் இருவரும் கையாலேயே பேசிச் சிரித்தார்கள். மலர் என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

"இன்னா சுமதி, மலரு இன்னா சொல்றா?" என்றேன்.

"கன்னத்துக் குழியத் தொட்டா அது நான், அண்ணி. சைகையில மலரு வச்ச பேரு. இங்க புள்ளைங்களும் அப்படித்தான் கூப்புடுதுங்க. உங்களுக்கு இன்னா பேரு?"

டவர் இல்லை என்று போனை வைத்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொய். பெருமாளே, பொறுத்துக்கொள்.

விளக்கேற்றிய பிறகு, கன்னத்தைத் தொட்டு, பிறகு என்னைச் சுட்டி, மலரிடம் என் பெயரைக் கேட்டேன். எப்போதும் என்னைக் கூப்பிடுவதுபோல் என் முந்தானையை இரண்டு முறை இழுத்தாள். பசி என்று நினைத்துத் தோசை ஊற்றினேன். தின்று கை கழுவியவள், மறுபடியும் முந்தானையை இரண்டு முறை இழுத்தாள்.