கையை எடுத்துவிட்டுச் சிரி

இன்று காலை மகள் தேநீர் கொண்டுவந்து தந்தாள். அவள் வாயில் கராம்பு மணத்தது. பேசும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மா நீயும் ஒரு காலத்தில் அப்படித்தான் திருப்பினாய்.

உன் சிரிப்பை ஊரே அறியும். செங்கலடிச் சந்தியில் என் தையல் கடை மெஷின் சத்தத்தையும் மீறி, பின்னாலிருந்த நம் குசினி அடுப்படியிலிருந்து கேட்கும். பூசை நேரத்தில்கூட அடக்கத் தெரியாமல் சாமியாரிடம் முறைப்பு வாங்கியவள் நீ. அறுபதுகளில், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், அந்தச் சிரிப்பு நின்றுபோனது. சேலைத் தலைப்பு எந்நேரமும் வாயருகே இருந்தது. நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா? உனக்கு என்மேல் கோபமென்று நினைத்து, ஏறாவூருக்குப் போய் ஒரு சேலை வாங்கி வந்தேன். நீ அதன் தலைப்பாலும் வாயை மூடிக்கொண்டாய்.

பல்லைச் சுற்றிய முரசுச் சதையில் இரத்தம் கசிவதை யாரிடமும் நீ சொல்லவில்லை, உன் அம்மாவிடம் தவிர. அவர் பல்லில் புழு என்று கண்டங்கத்தரி விதைப் புகை பிடிக்கச் சொன்னார். நொந்த இடத்தில் புகையிலைத் துண்டொன்றை அதக்கிக்கொண்டாய். மரத்துப்போனதும் சுகமென்று நம்பினாய். இரத்தம் வருகிற பக்கத்தைத் தொடவே பயந்து, மற்றப் பக்கம் மட்டும் உமிக்கரி தேய்த்தாய். நம் ஊரில் எல்லோரும் செய்த வைத்தியம்தான். புண்ணை வளர்த்ததும் அதுதான் என்று யாருக்குத் தெரியும்?

முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கியபோதுதான் அழுதுகொண்டே வாயைத் திறந்து காட்டினாய். அன்றே மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம். ஆசுபத்திரியில் பல் டொக்டர் முரசை அமத்திப் பார்த்தார். சீழ் வந்தது. அவர் பல்லை விட்டுவிட்டு வேறென்னவோ கேட்டார்.

"தண்ணி கூடக் குடிக்கிறீங்களா?"

"ஓம் ஐயா. எவ்வளவு குடிச்சாலும் விடாய் அடங்குதில்ல."

"குடும்பத்தில ஆருக்கும் சலரோகம் இருந்ததா?"

நீ என்னைப் பார்த்தாய். உன் அப்பா அந்தச் சீனி வருத்தத்தில்தான், காலில் வந்த புண் ஆறாமலே போய்ச் சேர்ந்தார்.

பல்லடியில் இறுகிப்போன ஊத்தையால் முரசு வீங்குகிறதாம். புகையிலை அதை இன்னும் கெடுக்குமாம். இரத்தத்தில் சீனி ஏறியிருந்தால் முரசு ஆறவும் ஆறாதாம். "புகையிலை நோவை மறைச்சிருக்கு, வருத்தத்தை மாத்தல்ல. இரத்தம் வருகுதெண்டு விடாம, அந்தப் பக்கத்தையும் மெதுவாத் தேய்க்க வேணும்" என்றார். சோதித்துப் பார்த்தபோது உனக்கும் சலரோகம்.

முன்பல் இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. காயம் ஆறியபின் மறுபடி போய்க் காட்டிவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் யாரோ ஒருவருடைய கோழி கட்டவிழ்ந்து, கண்டக்டரின் தலையில் ஏறி நின்றுவிட்டது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கை வாய்க்கு வரவில்லை.

"இஞ்சாருங்க, வாய்க்குள்ள காத்துப் போகுது!" என்று இன்னும் கூடச் சிரித்தாய்.

ஜன்னலுக்கு வெளியே வாவி தெரிந்தது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கல்யாண நாளில்கூட நீ எனக்கு அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

புகையிலையை விட நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெற்றிலை போடுகிறவர்களைக் கண்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாய். பிற்காலத்தில் அந்தச் சலரோகமே உன்னைக் கொண்டுபோனது. அதற்குமுன் பல வருடங்கள் நம்மைச் சேர்ந்து சிரிக்க விட்டது. அதற்கு நான் இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

தேநீரைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் கேட்டேன்.

"புள்ள, தண்ணி கூடக் குடிக்கிறியா?"

"வெயில்தானே அப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாளைக்கு வரும் முதல் பஸ்ஸிலேயே அவளை மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போதைக்கு அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினேன்.

"வாயைத் திற புள்ள. அப்பா பாக்கிறன்."